கூரை மேல யாரு ஏறுவா?

இந்த எபிசோடு நெருப்பைப் பத்தி. சரியா சொல்லணும்னா, நெருப்பு அணைஞ்ச பிறகு மிச்சம் இருக்கிற சாம்பல், சுவர்ல படியுற கரி, புகை போற குழாய், இதையெல்லாம் யார் சுத்தம் பண்றாங்க, யாரால பண்ண முடியும்கிறதைப் பத்தி.

யூடியூப்ல ஃபயர்பிளேஸ் சுத்தம் பண்றது எப்படின்னு தேடிப் பாருங்க. பனி கொட்டுற ஊர், செங்கல் சுவர், நீளமான பிரஷ்ஷோட ஒருத்தர் நிப்பார். நம்ம பக்கம் அந்த மாதிரி கணப்பு இருக்கிறது ஊட்டி, குன்னூர், கொடைக்கானல்ல வெள்ளைக்காரன் கட்டின பழைய பங்களாக்கள்லதான். லாங் வீக்கெண்டுக்குப் போய் அதுக்கு முன்னாடி போட்டோ எடுத்துட்டு வருவோம். ஆனா "வீட்டுக்குள்ள விறகு எரியுது, அதுக்கு மேல புகை போக ஒரு வழி இருக்கு"ன்னு யோசிச்சா, நம்மள்ல பல பேருக்கு அது பாட்டி வீட்டு அடுப்படி.

எனக்கு அது எம்.ரெட்டியபட்டி. விருதுநகர் மாவட்டம், திருச்சுழிப் பக்கம். திருச்சுழின்னா ரமண மகரிஷி பிறந்த ஊர்னு சிலருக்குத் தெரியும், அருப்புக்கோட்டைன்னா நெசவுன்னு தெரியும். இந்தச் சுத்துவட்டாரம் பூரா கரிசல், மானாவாரி வெள்ளாமை, வெள்ளாமை இல்லாத இடமெல்லாம் சீமைக் கருவேலம். தென் அமெரிக்கா, மெக்சிகோ பக்கத்து மரம் இது. 19-ஆம் நூற்றாண்டோட பிற்பகுதியில இந்தியாவுக்கு வந்து, நம்ம வறண்ட பூமியைத் தன் பூமியாவே ஆக்கிக்கிச்சு. இதை ஒழிக்கணும்னு ஹைகோர்ட் வரைக்கும் வழக்கு போயிருக்கு. இன்னொரு பக்கம், மழை பொய்ச்ச வருஷத்துல கரிமூட்டம் போட்டு எத்தனையோ குடும்பத்துக்குச் சோறு போட்டதும் இதே மரம்தான். அந்தச் சண்டைக்குள்ள இப்போ போகல. அடுப்புக்கு மட்டும் சொன்னா, இது அருமையான விறகு. கனமான கட்டை, நின்னு எரியும், கங்கு ரொம்ப நேரம் இருக்கும். முக்கியமா, காசு கிடையாது. அரிவாளும் முள்ளு குத்தினா தாங்குற காலும் இருந்தா போதும்.

எங்க அப்பத்தா வீட்ல கேஸ் அடுப்பு இருக்கு. வருஷக்கணக்கா இருக்கு. காலைல டீ, அவசரத்துக்குத் தோசை, அதெல்லாம் கேஸ்ல. குளிக்கத் தண்ணி, கேப்பைக் களி, கருவாட்டுக் குழம்பு, விருந்தாளி வந்தா சோறு, எல்லாம் விறகுல. 14.2 கிலோ சிலிண்டரை மாசக்கணக்குல இழுத்துப் பிடிக்கிறதுதான் அதுக்கு வீட்டு நிர்வாகம். ரெண்டு அடுப்பையும் சேர்த்து ஓட்டுறது நம்ம கிராமங்கள்ல ரொம்ப சாதாரணம். "கேஸ் கொடுத்தாச்சு, புகை ஒழிஞ்சுது"ன்னு கணக்கை முடிக்கிறவங்க இதைப் பார்க்கிறதே இல்ல.

போன வருஷம் இருமல் நிக்காம அருப்புக்கோட்டையில டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். டாக்டர் கேட்டார், "வீட்ல யாராவது பீடி, சிகரெட் பிடிப்பாங்களா?" அப்பத்தா சொல்லுச்சு, "யாரும் பிடிக்க மாட்டாகய்யா. நான்தேன் அம்பது வருசமா அடுப்பூதுறேன்." டாக்டர் சிரிச்சார். அப்புறம் சிரிக்காம ஊதிப் பார்க்குற டெஸ்ட் எழுதிக் கொடுத்தார். நுரையீரல் சுருங்கல, ஆனா மூச்சுக்குழாய் நல்லா அடிபட்டிருக்குன்னு வந்துச்சு. வீட்டுக்குள்ள விறகு, கரி, சாணி எரிக்கிற புகையால 2020-ல மட்டும் உலகம் முழுக்க சுமார் 32 லட்சம் பேர் இறந்ததா உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கு. அந்த எண்ணை நான் முன்னாடியே படிச்சிருந்தேன். டாக்டர் ரூம் ஸ்டூல்ல உட்கார்ந்துட்டு நினைச்சுப் பார்த்தா அது வேற மாதிரி இருக்கு.

சரி, அடுப்புக்கு வருவோம். அப்பத்தா அடுப்பைப் பராமரிக்கிறதைப் பக்கத்துல உட்கார்ந்து பார்த்தா, நல்ல மெயின்டெனன்ஸ்னா என்னன்னு தெரியும்.

காலைல முதல் வேலை சாம்பல் அள்ளுறது. கையால இல்ல, தேங்காய்ச் சிரட்டையால. சாம்பலுக்குள்ள கங்கு மறுநாள் வரைக்கும் உயிரோட இருக்கும், மேலே தொட்டா ஜில்லுன்னுதான் இருக்கும். அதனால தகரச் சட்டியில அள்ளி, வாசல்ல தள்ளி வச்சு, மறுநாள்தான் குப்பைக் குழிக்குப் போகும். பிளாஸ்டிக் வாளிப் பக்கமே போகாது. ஊட்டி பங்களாவுக்கும் இதே விதிதான். ஒரு வித்தியாசம் உண்டு: கணப்புல ஒரு அங்குலச் சாம்பலை விட்டு வைப்பாங்க, கங்கு சூடா இருக்கட்டும்னு. நம்ம சமையல் அடுப்புல அப்படி விட்டா, காத்து உள்ளே போற வாயும் அடையும், பானைக்கும் நெருப்புக்கும் நடுவுல இருக்கிற இடமும் குறையும். புகைதான் மிச்சம். அதனால சுத்தமா அள்ளிடணும்.

அடுத்தது விரிசல். அடுப்பு மண்ணுக்கு எங்க ஊர் கரிசல் ஆகாது. ஈரத்துல ஊதி, காய்ஞ்சா சுருங்கிப் பாளம் பாளமா வெடிக்கிற மண் அது. கோடையில நிலத்துல கை நுழையுற அளவு வெடிப்பு விடும். அதை நெருப்புக்குப் பக்கத்துல வச்சா என்ன ஆகும்? அதனால புத்து மண்ணோ செம்மண்ணோ தேடிக் கொண்டு வந்து, உமியோ பொடிசா வெட்டின வைக்கோலோ சேர்த்துக் குழைச்சுதான் அடுப்பு போடுவாங்க. மயிரிழை மாதிரி விரிசல் வந்தா, அதே மண்ணைக் கூழாக் கரைச்சு அன்னைக்கே பூசிடுவாங்க. அப்புறம் சாணி மெழுகல். வெள்ளிக்கிழமைன்னா மெழுகின அடுப்பு மேல சின்னதா ஒரு கோலம். சாமி காரியம்னு அதைச் சொல்லுவாங்க. நான் அதை வாராந்திர இன்ஸ்பெக்‌ஷன்னும் பார்க்கிறேன், ஏன்னா குனிஞ்சு கையால தடவும்போதுதான் எங்க வெடிச்சிருக்குன்னு தெரியுது. ஒண்ணு, சூடான மண்ணுல தண்ணியை ஊத்தி நெருப்பை அணைக்கக் கூடாது. அடுப்பு அன்னைக்கே வெடிக்கும்.

விறகு காயுறதும் பராமரிப்புல சேர்த்திதான். பச்சை விறகு எரியும்போது சூட்டுல ஒரு பகுதி தண்ணியை ஆவியாக்கவே செலவாகும், புகையும் கூடும். ரெண்டு கட்டையைத் தட்டிப் பாருங்க. 'டங்'குன்னு கேட்டா காய்ஞ்சது, 'தொப்'புன்னு கேட்டா இன்னும் ஈரம். வெட்டுன முனையில நட்சத்திரம் மாதிரி வெடிப்பு இருந்தா இன்னும் நல்லது. எங்க பக்கம் பங்குனியில இருந்து ஆடி வரைக்கும் வெயிலுக்குப் பஞ்சமே இல்ல. ஐப்பசி அடைமழைக்கு முன்னாடி விறகைத் தாழ்வாரத்துல ஏத்திட்டா பாதிப் பிரச்சினை தீர்ந்துது. ஏத்தாத வீட்ல கார்த்திகை, மார்கழி ரெண்டு மாசமும் கண்ணெரிச்சல்தான்.

இது வரைக்கும் சொன்ன எல்லாமே அப்பத்தா கைக்கு எட்டுற வேலை. இதுல ஒண்ணைக் கூட அது தவற விட்டு நான் பார்த்ததில்ல. இனி சொல்லப் போறது கைக்கு எட்டாத வேலை.

எங்க அடுப்படியில ஒரு புகைக்குழாய் இருந்துச்சு. நான் பிறக்கிறதுக்கு முன்னாடி யாரோ வந்து வச்சுட்டுப் போனது. 3 அங்குலச் சிமென்ட் குழாய், அடுப்புல இருந்து நேரா கூரையைத் துளைச்சு மேலே போகும். எனக்குத் தெரிஞ்சு அதுல புகை போய்ப் பார்த்ததே இல்ல. அடியில ஒரு பழைய துணியைச் சுருட்டி அடைச்சிருக்கும். மழைத் தண்ணி இறங்காம இருக்க.

ஏன் அடைச்சீங்கன்னு கேட்டேன். "வச்ச புதுசுல நல்லாத்தேன் இழுத்துச்சு. அப்புறம் அடைச்சுக்கிருச்சு. மேல இருந்து குச்சியை விட்டுக் குத்தணும்னாக. ஏய்யா, கூரை மேல யாரு ஏறுவா? உங்க தாத்தாகிட்ட நாலு தடவ சொன்னேன். அப்புறம் விட்டுட்டேன்."

குழாய்க்குள்ள நடக்கிறது இதுதான். சூடான புகை லேசா இருக்கிறதால மேலே ஏறும், ஏறும்போது கீழே இருக்கிற காத்தை இழுக்கும். குழாய்ச் சுவர் புகையை விடக் குளிர்ச்சி. அதனால புகையில இருக்கிற தார் மாதிரியான பொருள் அங்க பட்டுப் படியும், அது மேல கரித்தூள் ஒட்டும். கிரியோசோட்னு பேரு. 3 அங்குலக் குழாய்ல சுத்தி அரை அங்குலம் படிஞ்சா, நடுவுல மிச்சம் 2 அங்குலம். பரப்பளவு கணக்குப் போடுங்க: பாதிக்கும் மேல போச்சு. இழுக்கிற சக்தி குறைஞ்சா புகை மெதுவாப் போகும், மெதுவாப் போனா இன்னும் குளிரும், இன்னும் படியும். தன்னைத் தானே மோசமாக்கிக்கிற சிஸ்டம். போதாததுக்கு இந்தப் படிவு எரியக் கூடியது. குளிர் நாடுகள்ல வருஷத்துக்கு ஒரு தடவை புகைபோக்கியைச் சுத்தம் பண்ணச் சொல்றது அழகுக்காக இல்ல, உள்ளே தீப்பிடிக்கும்.

அந்த ஊர்கள்லயும் "யாரு ஏறுவா"ங்கிற கேள்வி வந்திருக்கு. இங்கிலாந்துல அதுக்குக் கிடைச்ச பதில், ஏழைப் பிள்ளைகள். பெரியவங்க நுழைய முடியாத குழாய்க்குள்ள சின்னப் பசங்களை ஏத்தி விட்டாங்க. அந்த வேலையில வளர்ந்தவங்களுக்கு விதைப்பையில புத்துநோய் வருதுன்னு 1775-லயே பெர்சிவல் பாட்ங்கிற லண்டன் சர்ஜன் எழுதினார். ஒரு தொழிலுக்கும் புத்துநோய்க்கும் நேரடித் தொடர்பு இருக்குன்னு முதல்ல காட்டினது அதுதான்னு மருத்துவ வரலாறு சொல்லுது. அதுக்கப்புறமும் 100 வருஷம் பசங்க ஏறிக்கிட்டுதான் இருந்தாங்க. சட்டங்கள் வந்துச்சு, யாரும் மதிக்கல. 1875-ல ஜார்ஜ் பிரூஸ்டர்னு ஒரு சிறுவன் கேம்பிரிட்ஜ் பக்கம் ஒரு மருத்துவமனைப் புகைபோக்கிக்குள்ள சிக்கி இறந்த பிறகுதான் உண்மையிலேயே பல்லுள்ள சட்டம் வந்துச்சு. கணப்புக்கு முன்னாடி உட்கார்ந்து குளிர்காய்ஞ்சவர் ஒருத்தர், உள்ளே ஏறினவர் இன்னொருத்தர்.

நம்ம நாட்டுக் கதை வேற. 1950-கள்ல ஹைதராபாத்ல எஸ்.பி.ராஜுங்கிற இன்ஜினியர், புகைபோக்கி வச்ச மண் அடுப்பு ஒண்ணை வடிவமைச்சு, அதை எப்படிக் கட்டுறதுன்னு ஒரு சின்னப் புத்தகமே போட்டார். அப்புறம் மத்திய அரசு 1983-ல ஆரம்பிச்சு 2002 வரைக்கும் மேம்படுத்தப்பட்ட அடுப்புத் திட்டம் நடத்துச்சு. 3 கோடிக்கும் மேல அடுப்பு வச்சதாக் கணக்கு. இன்னைக்கு அதுல எத்தனை எரியுது? நீங்களே உங்க ஊர்ல கேட்டுப் பாருங்க.

இதை ஒழுங்கா அளந்து பார்த்த ஆய்வு ஒண்ணு இருக்கு. ஒடிசாவுல 44 கிராமம், சுமார் 2,600 குடும்பம். ரெமா ஹன்னா, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன்னு மூணு பொருளாதார அறிஞர்கள். டுஃப்லோ 2019-ல நோபல் வாங்கினவங்க. புகைபோக்கி வச்ச அடுப்பைக் கொடுத்துட்டு நாலு வருஷம் பின்தொடர்ந்தாங்க. முதல் வருஷம் பெண்கள் சுவாசிக்கிற புகை குறைஞ்சுது. அதுக்கப்புறம் அந்த வித்தியாசமே காணோம். அடுப்பை ஒழுங்காப் பயன்படுத்தல, பராமரிக்கல, போகப் போக விட்டுட்டாங்கன்னு எழுதினாங்க.

ஆய்வு சொன்னது அவ்வளவுதான். இதைப் படிச்சுட்டு "மக்களுக்கு விழிப்புணர்வு இல்ல"ன்னு கடந்து போறது சுலபம். எனக்கு அது சரியாப் படல. தினமும் சாம்பல் அள்ளி, விரிசல் பூசி, சாணி மெழுகி, கோலம் போடுற ஆளுக்கா பராமரிக்கத் தெரியாது? அடுப்புல எது கைக்கு எட்டுச்சோ அதெல்லாம் பளிச்சுன்னு இருக்கு. எட்டாதது மட்டும் செத்துக் கிடக்கு. புகையைக் குடிக்கிற ஆள் ஒருத்தர், ஏணி போட்டுக் கூரையில ஏறக் கூடிய ஆள் இன்னொருத்தர். அந்த இன்னொருத்தருக்கு இருமல் வரல, அவர் திண்ணையில இருக்கார். சாஃப்ட்வேர்ல இதைத் தினமும் பார்க்கிறோம். ஒரு டீம் கோடு எழுதும், அர்த்தராத்திரி அலாரம் அடிச்சா எழுந்திருக்கிறது வேற டீம். அந்த மாதிரி சிஸ்டம் எப்பவும் அழுகும். ஓட்டு வீட்லயோ கூரை வீட்லயோ ஒரு வயசான பொம்பளை ஏற முடியுமான்னு வரைபடம் போட்டவர் ஒரு நிமிஷம் யோசிச்சிருந்தா, குழாயை வேற மாதிரி போட்டிருப்பார்.

நாங்க வேற மாதிரி போட்டோம். பெரிய கண்டுபிடிப்பு ஒண்ணும் இல்ல. பழைய சிமென்ட் குழாயை எடுத்தோம். அந்தக் காலத்துக் குழாய்ல ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்க வாய்ப்பு அதிகம், அதனால சுரண்டாம, உடைக்காம, நனைச்சு, முழுசா இறக்கினோம். உங்க ஊர்ல இருந்தாலும் அப்படியே செய்யுங்க. புதுசா 4 அங்குலத் தகரக் குழாய். கூரையைத் துளைக்காம, அடுப்புக்குப் பின்னாடி சுவர் வழியா வெளியே வந்து, சுவரை ஒட்டியே மேலே போகும். சுவருக்கு வெளியே திரும்புற இடத்துல எல்போ போடாம ஒரு டீ போட்டோம். டீயோட கீழ் வாய்க்கு ஒரு மூடி. மூடியைத் திறந்தா உதிர்ந்த கரி அடியில வச்ச டப்பாவுல கொட்டும். அதே வாய் வழியா பிரஷ்ஷைக் கீழே இருந்து மேலே தள்ளலாம். பிரஷ்னா, வயரிங்குக்குப் போடுற பிவிசி பைப் முனையில தேங்காய் நாரைக் கொத்தாக் கட்டினது. மூடி தரையில இருந்து இடுப்பு உயரம். ஏணி வேண்டாம், தாத்தா வேண்டாம்.

டிசைனா பார்த்தா இதுல ஒரு குறை இருக்கு. வெளிச்சுவர்ல போற குழாய் சீக்கிரம் குளிரும், அதனால கரி கூடத்தான் படியும். உள்ளே நேரா போற குழாய்தான் பாடப்புத்தகப்படி நல்லது. ஆனா பாடப்புத்தகக் குழாயை யாரும் சுத்தம் பண்ணல. இந்தக் குழாயை அப்பத்தா அமாவாசைக்கு அமாவாசை சுத்தம் பண்ணுது. எங்க வீட்டு கிரான் ஜாப் அதுதான், ரிமைண்டர் ஆப் எதுவும் தேவைப்படல. முன்னாள் ராத்திரியே அடுப்பை அணைச்சுடும், காலைல மூக்கு வாயில துண்டைக் கட்டிட்டு, பத்து நிமிஷத்துல முடிஞ்சுது. முடிச்சதும் அடுப்பு வாய்ப்பக்கம் ஒரு ஊதுபத்தி கொளுத்திக் காட்டும். புகை உள்பக்கமா சாய்ஞ்சா குழாய் இழுக்குது. நேரா மேலே போனா எங்கேயோ அடைப்பு. மேல்முனைத் தொப்பியை மட்டும் ஐப்பசிக்கு முன்னாடி சித்தப்பா ஏறிப் பார்ப்பார், வருஷத்துக்கு ஒரு தடவை.

புகை முழுக்கப் போயிடுச்சான்னா, இல்ல. பத்த வைக்கிற முதல் பத்து நிமிஷம் குழாய் சூடாகாம இருக்கும், அப்போ கொஞ்சம் உள்ளே வரத்தான் செய்யும். சுள்ளியை நல்லாக் காய வச்சு, சின்னதா ஆரம்பிச்சா அது குறையும். உண்மையில புகையைக் குறைக்கணும்னா கேஸ்தான். சென்னை ஸ்ரீ ராமச்சந்திராவுல பேராசிரியர் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவும் சேர்ந்து நாலு நாடுகள்ல நடந்த ஆய்வுல, இந்தியப் பகுதி தமிழ்நாட்லதான் நடந்துச்சு. கர்ப்பிணிகளுக்கு அடுப்பும் கேஸும் இலவசமா, வீட்டுக்கே கொண்டு வந்து கொடுத்தாங்க. அவங்க சுவாசிச்ச நுண்துகள் அளவு மூணுல ஒரு பங்காக் குறைஞ்சுது. குழந்தையோட பிறப்பு எடையில எதிர்பார்த்த மாற்றம் வரல, 2022-ல அதையும் மறைக்காம வெளியிட்டாங்க. எனக்குக் கண்ணுல பட்டது "வீட்டுக்கே, இலவசமா"ங்கிற ரெண்டு வார்த்தை. அப்பத்தா கணக்குல விறகு இலவசம், சிலிண்டர் காசு. இப்போ எங்களுக்குள்ள ஒரு ஒப்பந்தம்: சிலிண்டர் செலவு என்னோடது, மாசக் கணக்கைக் கேட்கக் கூடாது. களி மட்டும் விறகுலதான்னு அப்பத்தா சொல்லிடுச்சு. சரின்னுட்டேன், ஏன்னா கேஸ்ல கிண்டுன களியை நானும் சாப்பிட்டுப் பார்த்தேன்.

மலைக்குப் போறவங்களுக்கு ஒரு வார்த்தை. கணப்பு இருக்கிற ரூம் கிடைச்சா, பத்த வைக்கிறதுக்கு முன்னாடி கடைசியா எப்போ சுத்தம் பண்ணினாங்கன்னு கேளுங்க. குழாய்க்குள்ள இருக்கிற தகட்டுக் கதவு திறந்திருக்கான்னு பாருங்க, ஊதுபத்தி டெஸ்ட் பண்ணுங்க. குளிருதுன்னு பார்பிக்யூ கரியை ரூமுக்குள்ள கொண்டு வந்து வச்சுட்டுத் தூங்கவே தூங்காதீங்க. கங்குல புகை தெரியாது, ஆனா கார்பன் மோனாக்சைடு வரும், அதுக்கு வாசனையே கிடையாது. தூக்கத்துலயே போன ஆட்கள் இருக்காங்க.

கடைசியா சாம்பல். விறகுச் சாம்பல் காரத்தன்மை உள்ளது, அதனாலதான் எண்ணெய்ப் பாத்திரம் அதுல பளிச்சுன்னு வருது. செடிக்குப் போடலாமான்னு மாடித்தோட்டம் வச்சிருக்கிற நண்பர்கள் கேட்பாங்க. கரிசல் மண் ஏற்கெனவே காரம், அதனால எங்க ஊர்ல நிலத்துல வாரிக் கொட்ட மாட்டேன். சென்னையில தொட்டிச் செடிக்கு மாசம் ஒரு கைப்பிடி போதும். ஆறின சாம்பலா இருக்கணும், சலிச்சுப் போடுங்க. எங்க வீட்டு மாடியில கத்தரிக்கு ஒரு டப்பா வந்திருக்கு, பொங்கலுக்குள்ள காய்ச்சா போட்டோ போடுறேன்.